வால்வு திறந்தால் போதுமா?

உபாத்தியாயர் எல்லாம் அறிந்தவர் என்று பிள்ளைகள் எண்ணுவது வழக்கம். அந்த எண்ணத்தைக் கலைக்காமலே காலத்தைக் கடத்திவிடலாம் என்று உபாத்தியாயர் எண்ணுவதும் வழக்கந்தான். சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வியும், அதற்கு நான் அவசரப்பட்டுச் சொன்ன பதிலும் இந்த வழக்கத்தைச் சற்று ஆட்டிவிட்டன. அந்தக் கதையையே இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அன்று நீராவியைப் பற்றிய பாடம். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியாருக்கு ஒரு விநோதமான பாத்திரத்தைச் செய்து காட்டினார். இறுக மூடிய அந்தப் பாத்திரத்தில் எலும்புகூடக் குழைந்து வெந்தது. உள்ளே நீராவி மிஞ்சிப் பாத்திரம் பிளந்துவிடக் கூடாதே என்று மூடியில் ஒரு துவாரம் செய்து, அதன்மேல் ஓர் அடைப்பானை வைத்து, அந்த அடைப்பானை ஒரு நெம்புகோலாலும் எடைக் கல்லாலும் அழுத்தி நிறுத்தியிருந்தார். உலகத்தின் முதல் ஸேப்டி வால்வு அதுவே என்பார்கள். அது எந்தத் தொழிற்சாலைக்காகவும் பிறக்கவில்லை. சமையற் பாத்திரத்துக்காகப் பிறந்தது. இன்று நம் வீடுகளில் விசில் அடிக்கும் குக்கர் பாப்பினுடைய பாத்திரத்தின் நேர் வாரிசு.

பாடம் முடிந்ததும் கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “ஸார், வால்வு சரியான அழுத்தத்தில் திறந்துகொண்டால், அப்புறம் பாய்லர் வெடிக்கவே வெடிக்காதல்லவா?” என்றான்.

“வெடிக்காது. அதற்குத்தானே வால்வு வைத்திருக்கிறது?” என்றேன்.

“வெடிக்கலாம் என்று எங்கள் அப்பா சொல்கிறார், ஸார்” என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான்.

அவனுடைய தகப்பனார் பக்கத்து ஊரில் ஓர் அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி போட்டு எரிக்கும் வேலை பார்ப்பவர். மறு ஞாயிற்றுக்கிழமை அவரே மகனுடன் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அவர் கூறிய விவரம் இது.

நெல் அவிக்க நீராவி போதவில்லை என்று முதலாளி அடுப்புக்கு ஒரு ப்ளோயர் வாங்கிப் பொருத்தினார். அது முதல் உமி சீறிக்கொண்டு எரிந்தது, வேலையும் துரிதப்பட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் விடியற்காலையில் நெல் ஏற்றிய லாரி வரத் தாமதமாயிற்று. நீராவிக் குழாய்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். அடுப்போ முழு வேகத்தில் எரிந்தது. மீட்டரில் முள் 7 கிலோவைத் தொட்டதும் வால்வுகள் இரண்டும் திறந்து, ஆலையே அதிரும்படி நீராவி வெளியே பாய்ந்தது.

“வால்வு திறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன், ஐயா. ஆனால் முள் நிற்கவில்லை. ஏழரை, எட்டு, எட்டரை என்று ஏறிக்கொண்டே போயிற்று. வால்வும் கத்திக்கொண்டேயிருக்கிறது, முள்ளும் ஏறிக்கொண்டேயிருக்கிறது. ப்ளோயரை நிறுத்தினேன். எரிகிற உமியை எல்லாம் வெளியே வாரிப் போட்டேன். ஒன்பதில் நின்றது. முதலாளியிடம் சொன்னால், ‘அதுதான் வால்வு வேலை செய்ததே, இன்னும் என்ன வேண்டும்?’ என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை” என்றார்.

வகுப்பில் நான் சொன்ன பதிலும் முதலாளி சொன்ன பதிலும் ஒன்றே என்பதை எண்ணி வெட்கமடைந்தேன்.

ஏரியையும் அதன் கலங்கலையும் அறியாத தமிழர் இல்லை. கலங்கலுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று அதன் உயரம். தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்ததும் வழியத் தொடங்க வேண்டும் என்பதை உயரம் நிர்ணயிக்கிறது. மற்றொன்று அதன் நீளம். வழியத் தொடங்கிய பிறகு எவ்வளவு தண்ணீர் வெளியேறக்கூடும் என்பதை நீளம் நிர்ணயிக்கிறது. உயரத்தைச் சரியாகக் கட்டி நீளத்தைக் குறைத்துவிட்டால் பெருமழையில் என்ன நேரும்? கலங்கலில் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும், மட்டமும் ஏறிக்கொண்டேயிருக்கும், கடைசியில் கரை உடையும். கலங்கல் தன் வேலையைச் செய்யவில்லை என்று அப்போது யாரும் சொல்ல முடியாது. அதற்கிட்ட வேலையை அது செய்தது; வந்த வெள்ளத்துக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

ஸேப்டி வால்வும் அப்படித்தான். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. திறந்த பிறகு மணிக்கு எத்தனை கிலோ நீராவியை வெளியே விட வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவது வால்வை அழுத்தி நிற்கும் எடையையோ சுருள்வில்லையோ பொறுத்தது. இரண்டாவது துவாரத்தின் அளவைப் பொறுத்தது.

முதற் கேள்வியில் மனிதர் பட்ட அனுபவம் கொஞ்சமல்ல. 1803-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த இயந்திரத்தின் பாய்லர் வெடித்து நால்வர் மாண்டனர். கவனித்துக்கொள்ள வேண்டியவனின் அஜாக்கிரதையால் வால்வு திறக்க வழியில்லாமற் போனதே காரணம். அதன்பின் டிரெவிதிக் இரண்டு வால்வுகள் வைத்து, ஒன்றை வேலைக்காரன் கைக்கு எட்டாதபடி செய்தார். 1855-ஆம் ஆண்டு வாக்கில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர் ரயில் என்ஜின்களுக்கென்று ஒரு வால்வைச் சமைத்தார். ஒரே வில்லால் இரண்டு அடைப்பான்களை இழுத்துப் பிடித்திருந்ததால், கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எளிதில் திறந்துகொள்ளும். இவ்வாறு “திறக்குமா?” என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. “போதுமா?” என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் விடை காண வேண்டும்.

அந்தக் கணக்கைச் சமையலறையிலேயே போட்டுப் பார்க்கலாம். குக்கர் மூடியின் நடுக்குழாய்த் துவாரம் 3 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு, அதாவது 0.07. உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் வந்ததும் வெயிட் எழும்ப வேண்டுமானால் அதன் எடை சுமார் 70 கிராம் இருக்க வேண்டும். இது கலங்கலின் உயரம்.

இனி நீளத்தைப் பார்ப்போம். முதலில் உள்ளே எவ்வளவு நீராவி உண்டாகிறது? கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் 2 கிலோவாட் உஷ்ணம் தருவதாகவும், அதில் பாதி பாத்திரத்துக்குள் இறங்குவதாகவும் கொண்டால், ஒரு மணியில் 3,600 கிலோஜூல் தண்ணீரைச் சேருகிறது. குக்கரின் அழுத்தத்தில் கொதிக்கும் 1 கிலோ தண்ணீரை நீராவியாக்க ஏறக்குறைய 2,200 கிலோஜூல் வேண்டும். ஆகவே மணிக்குச் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். பாத்திரம் பெரிதா, சிறிதா, தண்ணீர் எவ்வளவு என்பவை இந்தக் கணக்கில் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். நீராவியைப் பிறப்பிப்பது நெருப்பு. ஆதலால் வால்வின் அளவை முடிவு செய்ய நெருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தபடி, துவாரம் எவ்வளவு நீராவியை விடும்? இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பியர் என்ற பொறியியலாளர் கண்ட ஓர் அழகான விதி இருக்கிறது. துவாரத்தின் பரப்பை நீராவியின் முழு அழுத்தத்தால் பெருக்கினால் ஓர் எடை வருமல்லவா? அந்த எடையுள்ள நீராவி, துவாரத்தின் வழியாக வெளியேற 70 விநாடி ஆகும். ஒரு மணியில் 3,600 விநாடி இருப்பதால், மணிக்கு அதைப்போல் ஏறக்குறைய 51½ மடங்கு வெளியேறும். ராத்தலும் அங்குலமுமாகக் கணக்கிட்டாலும், கிலோவும் சென்டிமீட்டருமாகக் கணக்கிட்டாலும் எண் மாறுவதில்லை. முழு அழுத்தம் என்பது மீட்டர் காட்டும் அழுத்தத்தோடு காற்று மண்டலத்தின் அழுத்தத்தையும் சேர்த்தது. காற்று மண்டலத்தின் பங்கு சுமார் 1.03 கிலோ.

‘வெளியே உள்ள அழுத்தம் இதில் வரவில்லையே?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நீராவி துவாரத்தில் புகுந்து செல்லும் வேகம் அதற்குரிய ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அந்தக் குறுகிய இடத்தில் அதற்கு மேல் வேகம் ஏறாது. வெளி அழுத்தம் உள் அழுத்தத்தில் சுமார் 58 சதவிகிதத்துக்குக் கீழ் இருக்கும்போது இந்த நிலை வந்துவிடுகிறது. பிறகு உள் அழுத்தமே ஓட்டத்தை நிர்ணயிக்கிறது.

குக்கரில் முழு அழுத்தம் சுமார் 2 கிலோ. 0.07-ஐ 2-ஆல் பெருக்கி, 51½-ஆல் பெருக்கினால் 7.2 கிலோ வருகிறது. துவாரத்தின் விளிம்பில் நீராவி சுருங்கிச் செல்வதாலும் உராய்வதாலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். மிச்சம் சுமார் 4.8 கிலோ. வெயிட் தாராளமாக எழும்பி வழிவிட்டால், உண்டாகும் நீராவியைப்போல் மூன்று மடங்கை அந்தச் சிறு துவாரம் வெளியே விடவல்லது. நம் வீட்டு ஸ்திரீகள் குக்கரை அடுப்பிலேற்றிவிட்டு நிம்மதியாக வேறு காரியம் பார்ப்பது இந்தத் தாராளத்தினால்தான். ஆனால் பருப்புத் தோலோ புளிச் சக்கையோ துவாரத்தில் சிக்கி, குறுக்களவு 1½ மில்லிமீட்டராகிவிட்டால்? குறுக்களவு பாதியானால் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். அப்போது துவாரம் விடக்கூடியது 1.2 கிலோ, அடுப்பு பிறப்பிப்பதோ 1.6 கிலோ! வெயிட் ஆடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே அழுத்தமும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது ஆலைக்கு வருவோம். நான் கேட்ட விவரங்களைச் சிறுவனின் தகப்பனார் நறுக்காகச் சொன்னார். பாய்லரின் பெயர்ப் பலகைப்படி அது மணிக்கு 600 கிலோ நீராவி தரும். வேலை அழுத்தம் 7 கிலோ. வால்வுகள் இரண்டு; ஒவ்வொன்றின் வாயும் 3 சென்டிமீட்டர். ப்ளோயர் வைத்த பிறகு எவ்வளவு நீராவி உண்டாகிறது என்று கேட்டேன். “அது எப்படி ஐயா தெரியும்? தண்ணீர்த் தொட்டி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் காலியாகிறது. முன்பு மணிக்கு 600 லிட்டர் போகும், இப்போது 1,000 லிட்டர் போகிறது” என்றார். இதைவிடச் சிறந்த அளவை எந்த விஞ்ஞானியும் எடுத்திருக்க முடியாது. உள்ளே போன தண்ணீர்தானே நீராவியாய் வெளியே வருகிறது?

வாயின் அகலத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாத இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வால்வின் தட்டு எவ்வளவு உயரம் எழுகிறதோ அந்த இடுக்கின் வழியாகத்தான் நீராவி போக வேண்டும். வாயின் முழுப் பரப்பும் பயன்பட வேண்டுமானால் தட்டு வாயகலத்தில் நாலில் ஒரு பங்கு எழும்ப வேண்டும். சாதாரண வகை வால்வுகளோ வாயகலத்தில் இருபத்துநாலில் ஒரு பங்குதான் எழும்பும். அப்போது திறக்கும் வழி, வாயின் பரப்பில் ஆறில் ஒரு பங்கே. ஆலையிலிருந்தவை அந்தச் சாதாரண வகை. 3 சென்டிமீட்டர் வாய்க்கு எழுச்சி ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரு நாணயத்தின் கனம்! இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறக்கும் வழி 2.36 சதுர சென்டிமீட்டர்.

வால்வு திறந்த பிறகு அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறலாகாது என்பது பாய்லர் சோதனையின் நெடுநாளைய விதி. ஆகவே 7 கிலோவுக்கு 7.7, காற்று மண்டலத்தையும் சேர்த்து 8.73. இதை 2.36-ஆலும் 51½-ஆலும் பெருக்கி மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வருவது மணிக்குச் சுமார் 700 கிலோ. பாய்லர் 600 கிலோ தந்துகொண்டிருந்த வரையில் இந்த வால்வுகள் தாராளமாகப் போதும். 1,000 கிலோ தருகிறபோது மணிக்கு 300 கிலோவுக்குப் போக்கிடம் இல்லை. அது உள்ளே சேர்ந்து அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏற ஏற வெளியேறும் அளவும் ஏறுவதால் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகும். எங்கே என்று கணக்கிட்டேன். மீட்டர் 11 கிலோவைத் தாண்டிய பிறகு! 7 கிலோவுக்கு அமைந்த பாய்லரைப் புதிதில் தண்ணீர் ஏற்றி ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், அதாவது 10½ கிலோவில், சோதித்திருப்பார்கள். அதையும் கடந்த இடம் அது. அன்று விடியற்காலையில் அந்த மனிதர் எரிகிற உமியை வாரிப் போட்டிராவிட்டால் முள் எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பது இந்த எண்ணிலிருந்து விளங்கும்.

பழைய நாளில் பிரிட்டிஷ் வர்த்தக போர்டார் வால்வின் அளவை அடுப்புத் தட்டின் பரப்பைக் கொண்டே விதித்தார்கள். 60 ராத்தல் அழுத்தமானால் ஒரு சதுர அடித் தட்டுக்கு அரைச் சதுர அங்குல வால்வு. பாய்லரின் நீள அகலத்தை விட்டு அடுப்பை அளந்தார்களே, அது விவேகம். எனினும் ப்ளோயர் வைத்து ஊதினால் அடுப்புத் தட்டு அப்படியே இருக்க, நெருப்பு மட்டும் பெருகிவிடும். அதனால்தான் பிற்காலத்தில் தட்டை விட்டு, உண்டாகும் நீராவியையே எண்ணத் தலைப்பட்டார்கள். ஆலை முதலாளி பாய்லரை மாற்றவில்லை, வால்வை மாற்றவில்லை. எதையும் மாற்றவில்லை என்றே நினைத்தார். ஆனால் வால்வு எதற்காக அளந்து வைக்கப்பட்டதோ அதை மாற்றிவிட்டார்.

“அப்படியானால் ஒரு சாண் அகல வால்வு வைத்துவிட்டால் என்ன, ஸார்?” என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அளவுக்கு மிஞ்சிப் பெரிய வால்வு திறந்தவுடன் நீராவி ஒரேயடியாய்ப் போய்விடும். அழுத்தம் சட்டென்று இறங்கும். தட்டு படாரென்று மூடும். மறுகணமே அழுத்தம் ஏறித் திறக்கும். இப்படி விடாமல் அடித்துக்கொண்டால் தட்டும் அது உட்காரும் இடமும் சிதைந்து, ஓயாமல் நீராவி கசியும். கசிவை நிறுத்துகிறேன் என்று யாரேனும் வில்லை முறுக்கிவிட்டால், டிரெவிதிக் காலத்து அபாயம் திரும்பவும் வந்துவிடும். ஆகையால் தேவையைக் கணக்கிட்டு, அதற்கு அடுத்த பெரிய அளவை எடுப்பதே முறை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வழங்கும் வால்வுகளுக்கு ஆங்கில அகர வரிசையின் நான்காம் எழுத்திலிருந்து இருபதாம் எழுத்து வரையில், இடையே சிலவற்றை விட்டு, 14 எழுத்துக்களைப் பெயராக வைத்திருக்கிறார்கள். மிகச் சிறியதன் துவாரம் 0.71 சதுர சென்டிமீட்டர். மிகப் பெரியதன் துவாரம் சுமார் 168.

நம் ஆலைக்கு 1,000 கிலோவை வெளியேற்ற வேண்டிய வழி 3.34 சதுர சென்டிமீட்டர். முழு உயரம் எழும்பும் வகையில் இதற்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வாய் ஒன்றே ஈடுகொடுக்கும். பழையவற்றைவிடச் சிறிய வாய்! வால்வு பெரிதா சிறிதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை ஒரு தாளில் தெளிவாக எழுதி, 600, 700, 1,000 என்ற மூன்று எண்களின் கீழும் கோடிட்டு அவரிடம் கொடுத்தேன். “வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றுதான் யோசனையாயிருக்கிறது, ஐயா” என்று அவர் சொல்லிக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி முதலில் கோபித்துக்கொண்டாராம். “வாத்தியாருக்கு ஆலையில் என்ன வேலை?” என்றும் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று எண்களையும் பார்த்த பிறகு, பாய்லர் செய்து கொடுத்தவர்களை அவர் விசாரித்தார். அவர்கள் முதற் காரியமாக ப்ளோயரைக் கழற்றச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டருக்கும் எழுதினார்கள். ஒன்றரை மாதம் ஆலை பழைய வேகத்திலேயே ஓடியது. பிறகு கணக்கிட்டுத் தேர்ந்த புது வால்வுகள் வந்தன. அவற்றைப் பொருத்திய அன்று, நீராவிக் குழாய்களை எல்லாம் அடைத்து, ப்ளோயரையும் ஓட்டி, முழு நெருப்பில் எரித்துச் சோதித்தார்கள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே பையன் ஓடி வந்தான். “ஏழு புள்ளி நாலில் நின்றுவிட்டது, ஸார்! அதற்கு மேல் அசையவில்லை!” என்றான்.

அன்று பாடத்தை ஆரம்பிக்கும் முன், முன்பு நான் சொன்ன பதில் தவறு என்பதை வகுப்புக்குச் சொல்லித் திருத்திக்கொண்டேன். உபாத்தியாயரின் கௌரவம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று குக்கரை மூடுவதற்கு முன், மூடியைக் கையில் எடுத்து நடுக்குழாயின் வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாக, முழுசாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு கம்பியால் குத்திக் கழுவிவிட்டு, மறுபடியும் பாருங்கள். வெயிட் ஆடுகிறது, விசில் வருகிறது என்பது மட்டும் போதாது.